ஒரே பல்லிடுக்கில் கறி ஏன் திரும்பத் திரும்பச் சிக்குகிறது?

மதுரையின் அசைவ மெஸ்களில் பணம் கட்டும் மேசையின் மேல் சோம்புக் கிண்ணமும் அதை ஒட்டிப் பல்குச்சி டப்பாவும் இருப்பது வழக்கம். சாப்பிட்டுக் கை கழுவியவர்களில் பலர் சோம்பை எடுக்கிறார்களோ இல்லையோ, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, இடக்கையால் வாயைப் பொத்தியபடி வாசலில் வந்து நிற்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் கறியைத்தான் குறை சொல்வார்கள்: கறி முற்றல், சரியாக வேகவில்லை, கிடாய்க்கு வயது அதிகம். ஆனால் அதே கறியைச் சாப்பிட்ட பக்கத்து இலைக்காரருக்கு ஒன்றும் சிக்கியிருக்காது. சிக்கியவருக்கும் எல்லா இடுக்கிலும் சிக்குவதில்லை. பெரும்பாலும் ஒரே ஓர் இடுக்கில், வலக் கடைவாயிலோ இடக் கடைவாயிலோ, போன ஞாயிற்றுக்கிழமை சிக்கிய அதே இடத்தில்தான் சிக்குகிறது. கவனிக்க வேண்டியது அந்த 'அதே இடத்தை'த்தான். எப்போதாவது, எங்காவது சிக்குவது உணவின் இயல்பு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால், அந்த இடத்தில் பல்லோ ஈறோ பழைய நிலையில் இல்லை என்று பொருள். குச்சி அன்றன்றைய தொல்லையை நீக்கிவிடுவதால் காரணத்தைத் தேடும் எண்ணமே பலருக்கு எழுவதில்லை. ஆண்டுக்கணக்கில் குத்திக்கொண்டே இருந்து, வலி தாங்காமல் போன பிறகுதான் பல் மருத்துவரிடம் போகிறார்கள்.

ஆரோக்கியமான வாயில் கடைவாய்ப் பற்கள் இரண்டு வெறுமனே அருகருகே நிற்பதில்லை. ஒன்றையொன்று தொட்டு, லேசாக அழுத்தியபடி நிற்கின்றன. அவை தொடும் இடம் பல்லின் உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை. மெல்லும் பரப்புக்குச் சற்றுக் கீழே, இரு பற்களின் பக்கங்களும் புடைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தத் தொடுபுள்ளிக்கு மேலே பல்லின் விளிம்புகள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்குவதால், மெல்லும்போது நசுங்கும் உணவு இடுக்குக்குள் இறங்காமல் கன்னத்தின் பக்கமும் நாக்கின் பக்கமும் வழிந்துவிடுகிறது. தொடுபுள்ளிக்குக் கீழே இருக்கும் முக்கோண வெளியை ஈறின் கூர்மையான நுனி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, மேலிருந்து வருவதைத் தொடுபுள்ளி தடுக்கிறது, பக்கவாட்டில் நுழைவதை ஈறு நுனி தடுக்கிறது. இந்த இரண்டு காவலில் ஒன்று தளர்ந்தாலும் அந்த இடுக்கு உணவு தங்கும் இடமாகிவிடும்.

மேலிருந்து இறங்குவதற்கும் பக்கத்திலிருந்து நுழைவதற்கும் உள்ள வேறுபாட்டை வாய்க்குச் சொந்தக்காரரே ஓரளவு உணர முடியும். மேலிருந்து இறங்கும் உணவு பலமாகத் திணிக்கப்படுகிறது. இடுக்கில் ஓர் அழுத்தம், பல்லை யாரோ விலக்குவது போன்ற உணர்வு, சில நேரம் சுருக்கென்ற வலி ஆகியவை உண்டாகும். பக்கவாட்டில் நுழைவது அப்படி வலிப்பதில்லை. கீரையும் சோறும் தேங்காய்த் துருவலும் இடுக்கில் போய்த் தங்கிக்கொள்ளும், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தால் பெரும்பகுதி வந்துவிடும். முதல் வகைக்குத் தொடுபுள்ளி கெட்டுப்போனதும், இரண்டாம் வகைக்கு ஈறு இறங்கியதும் காரணங்கள். முதல் வகை எந்த வயதிலும் வரலாம்; இரண்டாவது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உரியது.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஐசடோர் ஹிர்ஷ்ஃபெல்ட் 1930-இல் இந்தச் சிக்கலைத் தனியாக எடுத்து ஆராய்ந்து, எந்தெந்தக் காரணங்களால் உணவு இடுக்கில் திணிகிறது என்று வகைப்படுத்தினார். பல் மருத்துவப் பாடங்களில் இன்றும் அந்தப் பகுப்பின் அடிப்படையில்தான் இதைக் கற்பிக்கிறார்கள். அதில் ஒரு காரணம் மிக எளிதாகப் புரியக்கூடியது. மேல் வரிசைப் பல் ஒன்றின் கூர்முனை, கீழ் வரிசையின் இரண்டு பற்களுக்கு நடுவே நேராக இறங்கும்படி அமைந்துவிடுவது உண்டு. ஒவ்வொரு கடியிலும் அது உரலில் உலக்கை விழுவதைப் போல இடுக்கிலேயே இடிக்கிறது. அந்த இடியில் தொடுபுள்ளி கணநேரம் விலகி, நார் உள்ளே போனதும் மீண்டும் மூடிக்கொள்கிறது. உள்ளே போன நார் அதனால்தான் நாக்கால் எவ்வளவு துழாவினாலும் வருவதில்லை.

தொடுபுள்ளி எப்படிக் கெடுகிறது என்பதில்தான் நாம் கவனம் செலுத்த வேண்டும், ஏனெனில் அதில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியது. முதல் காரணம் சொத்தை. இரண்டு பற்கள் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கும் சொத்தை, வாயைத் திறந்து கண்ணாடியில் பார்ப்பவருக்குத் தெரியாது. மேற்பரப்பு முழுதாக, வெள்ளையாக இருக்கும். உள்ளே குடைந்துகொண்டே போகும். ஒரு நாள் முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது விளிம்பு உடைந்து, அதன் பிறகுதான் பல்லில் ஓட்டை விழுந்தது தெரியவருகிறது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்த இடுக்கில் நார் சிக்கத் தொடங்கியிருக்கும். வலி இல்லாத காலத்தில் கிடைக்கும் அந்த எச்சரிக்கையைக் கறியின் மேல் பழிபோட்டு நாம் தவறவிட்டுவிடுகிறோம்.

இரண்டாவது காரணம், பல் அடைத்த இடம். பல்லின் பக்கவாட்டில் உள்ள குழியை அடைக்கும்போது, பக்கத்துப் பல்லைத் தொடும்படி அந்தப் புடைப்பை மறுபடி உருவாக்க வேண்டும். அதற்கென்று பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையைக் கட்டி, இடுக்கில் சிறு ஆப்பு செருகி, பிறகுதான் அடைப்பார்கள். இந்த வேலை சரியாக அமையாவிட்டால் அடைப்பு தட்டையாக நின்று, பக்கத்துப் பல்லைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். பல் வலி போய்விடும். ஆனால் அதுவரை சிக்காத இடத்தில் அன்று முதல் சிக்கத் தொடங்கும். கேப் போட்ட பல்லுக்கும் இது பொருந்தும். பல் அடைத்த பிறகோ கேப் போட்ட பிறகோ புதிதாக ஓர் இடத்தில் உணவு சிக்குகிறது என்றால், நாளானால் பழகிவிடும் என்று இருந்துவிடாமல், வேலை செய்த மருத்துவரிடமே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருத்தக் கடமைப்பட்டவர். கேட்பதற்குக் கூச்சப்பட எதுவுமில்லை.

மூன்றாவது, எடுத்த பல்லின் இடத்தைக் காலியாக விட்டுவிடுவது. 'கடைவாய்ப் பல்தானே, வெளியே தெரியவா போகிறது' என்ற எண்ணம் நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கிறது. பல் எடுப்பதோடு சிகிச்சை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். ஆனால் பற்கள் எலும்பில் அசைவின்றி ஊன்றப்பட்டவை அல்ல. பக்கத்துப் பல்லும் எதிர்ப் பல்லும் தரும் அழுத்தத்தில்தான் அவை தம் இடத்தில் நிற்கின்றன. நடுவில் ஒன்று போனால் அதன் பின்னால் இருக்கும் பல் மெல்ல முன்னால் சாய்கிறது, மேலே இருக்கும் எதிர்ப் பல் காலி இடத்தை நோக்கி இறங்குகிறது. சாய்ந்த பல்லுக்கும் அதற்குப் பின்னால் உள்ள பல்லுக்கும் இடையே தொடுபுள்ளி திறந்துகொள்கிறது. இறங்கிய பல்லின் இரு பக்கமும் விளிம்புகள் சமமில்லாமல் போகின்றன. ஒரு பல் போனதற்கு மூன்று நான்கு இடுக்குகளில் உணவு சிக்கத் தொடங்குவது இப்படித்தான். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கும் என்ற பயத்தில் சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளுவோரும் உண்டு. பல் எடுப்பதற்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை.

ஞானப்பல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். 17 முதல் 25 வயது வரையில் முளைக்கும் இந்தக் கடைசிப் பல்லுக்குக் கீழ்த் தாடையில் பலருக்கு இடம் போதுவதில்லை. அது பாதி முளைத்து, முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்து நின்றுவிடுகிறது. அதன் மேல் ஈறு ஒரு மூடியாகப் படர்ந்திருக்க, அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கறியும் புகுந்து அழுகும்போது ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாத வலி வருகிறது. வலி இல்லாமலே நடக்கும் இன்னொரு கேடு உண்டு: ஞானப்பல் சாய்ந்து முட்டும் இடத்தில், எந்தக் குறையும் இல்லாத முந்தைய கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் சொத்தையாகிவிடும். பயனற்ற ஒரு பல்லுக்காக, வாழ்நாள் முழுதும் மெல்ல வேண்டிய நல்ல பல் ஒன்றை இழக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஈறு இறங்குவது மெதுவான கதை. பற்களின் தொடுபுள்ளிக்கும் அதன் கீழே உள்ள எலும்பின் விளிம்புக்கும் இடையிலான தூரம் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறின் நுனி அந்த முக்கோண வெளியைக் கிட்டத்தட்ட எப்போதுமே முழுதாக நிரப்பியிருக்கிறது என்று பல் மருத்துவர் டார்னோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1992-இல் அளந்து காட்டினார்கள். அந்தத் தூரம் 6 மில்லிமீட்டரானால் 56 விழுக்காட்டு இடுக்குகளில்தான் ஈறு நிரம்பியிருந்தது. 7 ஆனபோது 27 விழுக்காடு. எலும்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கரைந்தாலே பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணங்கள் தோன்றிவிடுகின்றன என்பதே இதன் பொருள். எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் ஈறு நோய். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அது விரைவாக முற்றுகிறது. உமிக்கரி, செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி ஆகியவற்றை விரலால் அழுத்தித் தேய்ப்பதும், முடி விறைப்பான பிரஷ்ஷால் குறுக்குவாட்டில் இழுத்துத் தேய்ப்பதும் பல்லின் கழுத்தை அரித்து, ஈறைக் கீழே இறக்குகின்றன. பல் பளபளப்பாகத் தெரிவதால் இது கெடுதல் என்று தேய்ப்பவருக்குத் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு நம்பிக்கையைப் பற்றி நேராகப் பேசிவிடலாம். பல்லைக் கிளீன் செய்தால் இடைவெளி வந்துவிடும், பல் ஆடிவிடும் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கலாம். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் சேர்ந்த காரை, அதாவது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு, இறங்கிப்போன ஈறின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் உறுத்தலால் மிச்சமிருக்கும் ஈறும் வீங்கியிருக்கிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வடிகிறது, அதுவரை மறைந்திருந்த வெளி தெரிகிறது, சில வாரங்களுக்கு அங்கே உணவும் தங்குகிறது. அந்த இடைவெளியை உண்டாக்கியது காரைதான். கிளீனிங் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். காரையை அப்படியே விட்டிருந்தால் எலும்பு மேலும் கரைந்து, பல் உண்மையிலேயே ஆடியிருக்கும்.

உணவின் பங்கு என்ன என்று பார்த்தால், மதுரைக்காரர்களின் இலையில் சிக்குவதற்குப் பஞ்சமில்லை. திருமங்கலம் அருகே வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் பிரசாதமே பிரியாணி. கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் கிடாய் வெட்டாத ஊரே இந்தப் பக்கம் அரிது. கறி என்பது தசை நார்க் கற்றைகளின் தொகுப்பு, அந்தக் கற்றைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பது கொலாஜன் என்னும் புரதம். தண்ணீரோடு நெடுநேரம் வேகும்போது கொலாஜன் இளகிக் கூழாகிறது, நார்கள் பிரிந்து கறி பஞ்சாகிறது. வயதான ஆட்டில் கொலாஜன் இறுகிவிடுவதால் அது இளக அதிக நேரம் பிடிக்கிறது. குழம்பில் கொதித்த கறியைவிட, வேகவைத்த பின் வாணலியில் சுருள வறுத்த சுக்கா அதிகமாகச் சிக்குவதற்கு, வறுக்கும்போது ஈரம் போய் நார்கள் மீண்டும் விறைப்பதே காரணம். கறியைக் கொத்தித் தோசை மேல் பரப்பும் கறி தோசையில் நார் முன்பே துண்டாகிவிடுவதால் அது அவ்வளவாகச் சிக்குவதில்லை. பல் பலமில்லாத பெரியவர்களுக்குக் கறியைக் கொத்திச் சமைத்துத் தரும் வீட்டு வழக்கத்தில் இந்த விவரம் அடங்கியிருக்கிறது.

சித்திரையில் நத்தம் பக்கத்திலிருந்து வரும் நார் மிகுந்த நாட்டு மாம்பழம், தைப்பொங்கலுக்கு மேலூரிலிருந்து வரும் செங்கரும்பு, அதே பருவத்துப் பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, சரியாக நார் எடுக்காத வாழைத்தண்டு என்று ஆண்டு முழுதும் நார்கள் தொடர்கின்றன. ஆனால் கறி நாரும் காய்கறி நாரும் சொத்தையை உண்டாக்குவதில்லை. அவை ஈறை அழுத்தி உறுத்துகின்றன. எடுக்காமல் விட்டால் கறியின் புரதம் அழுகிக் கந்தகம் கலந்த வாயுக்களை வெளிவிட்டு, வாய் நாற்றத்தை உண்டாக்குகிறது. சொத்தைக்குத் தீனி சர்க்கரையும் மாவும்தான். அவற்றை உண்ணும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்க, பல்லின் மேற்பரப்பில் அமிலகாரக் குறியீடு (pH) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. வழக்கமாக உமிழ்நீர் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்த அமிலத்தைச் சமன்செய்துவிடும். இடுக்கில் மாவு தங்கியிருந்தால் உமிழ்நீர் அங்கே எட்டாது, அமிலம் அங்கேயே நிற்கும்.

வாயில் ஒட்டுவதாக நாம் நினைப்பதும் உண்மையில் தங்குவதும் ஒன்றல்ல. பல வகைத் தின்பண்டங்கள் பல்லில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று 1991-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, பிசுக்கென்று ஒட்டும் கேரமல் மிட்டாய் விரைவில் கரைந்து போய்விட்டது. பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் நெடுநேரம் தங்கின. மாவு நொறுங்கிப் பசையாகி இடுக்குகளிலும் பள்ளங்களிலும் அடைந்துகொள்கிறது. அந்த ஆய்வில் புரோட்டா இல்லைதான், ஆனாலும் சால்னாவில் ஊறிய மைதாவும், பொட்டுக்கடலை மாவு முறுக்கும், டீயோடு தின்னும் பன்னும் இந்த வரிசையில்தான் வரும் என்று கருத நியாயம் இருக்கிறது. கறி நார் உறுத்துவதால் அதை உடனே எடுத்துவிடுகிறோம். புரோட்டா உறுத்துவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறோம். மதுரையில் இரவு 11 மணிக்கும் கல்லில் புரோட்டா வீசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சாப்பிட்டு, ஒரு வாய்த் தண்ணீரோடு படுத்துவிடுகிறவருக்கு, நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் தூக்கத்தில் ஏறக்குறைய நின்றே போகிறது. பகலில் சிக்கியதைவிட இரவில் சிக்கியது பல்லுக்கு அதிகக் கேடு செய்வது இதனால்தான்.

அற்பமான ஒரு நார் மனிதரை ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதும் விளக்கம் கேட்கும் விஷயம். பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனமுள்ள தாளைப் பற்களுக்கு நடுவே வைத்தாலும் மனிதர்களால் அதை உணர முடிகிறது. நாக்கின் நுனியோ உடலிலேயே மிக நுட்பமாகத் தொட்டறியும் இடம். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை அது தனித்தனியாக அறிந்துகொள்ளும். சோற்றில் கிடக்கும் கல்லைக் கடிக்கும் முன் கண்டுபிடிக்க உதவும் இந்த நுட்பம்தான், சிக்கிய நாரை நாக்கு விடாமல் தேடிப் போகவும் காரணமாகிறது. அரை மணி நேரம் துழாவினால் நாக்கின் ஓரம் பல்லின் விளிம்பில் உரசிப் புண்ணாகும். உறிஞ்சி உறிஞ்சி எடுக்கப் பார்த்தால் ஈறில் ரத்தம் கசியும்.

எதை வைத்து எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் கைக்கு எட்டியது எதுவோ அதுவே கருவியாகிறது. சேலையில் குத்திய ஊக்கு, ஹேர்ப்பின், தீக்குச்சி, பேனா மூடியின் முனை, சீமாறிலிருந்து உருவிய ஈர்க்கு என எல்லாவற்றையும் மக்கள் பயன்படுத்துகிறார்கள். தென்னை ஈர்க்கை உருவி, நுனியைக் கடித்துக் கூராக்கி இடுக்கில் விடும்போது அதன் சிம்பு ஈறுக்குள் ஒடிந்து தங்கிவிடுவது உண்டு. இரண்டு நாள் கழித்து ஈறு கட்டி வீங்கிய பிறகும், அது சிக்கிய கறியால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊக்கு பல்லைக் கீறும், ஈறைக் குத்தும். அது வாய்க்குள் போகவே கூடாத பொருள். பல்குச்சி மனித குலத்தின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித மூதாதையரின் பற்களில், குச்சியால் திரும்பத் திரும்பத் தேய்த்த பள்ளங்கள் தெரிகின்றன. வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும் நாரை எடுக்க அது போதும். ஆனால் ஆரோக்கியமான இடுக்கில் ஈறின் நுனி இருக்கும் இடத்தில்தான் குச்சி நுழைகிறது. நாள்தோறும் குத்தினால் அந்த நுனி நசுங்கித் தாழ்ந்து, பக்கவாட்டுக் காவலையும் நாமே எடுத்துவிட்டவர்கள் ஆகிறோம். கடைவீதியில் நடந்தபடியே குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு போவது இன்னும் ஆபத்தானது. விழுங்கப்பட்ட குச்சி குடலைத் துளைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற சொல் பொய்யில்லை. ஆலங்குச்சியையோ வேலங்குச்சியையோ வேப்பங்குச்சியையோ நன்றாக மென்று, நார் பிரிந்த நுனியால் மெதுவாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து முகங்கள் இருக்கின்றன. வேப்பங்குச்சியானாலும் நல்ல பிரஷ்ஷானாலும் வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றைத்தான் எட்டும்; பக்கத்துப் பற்களை நோக்கிய இரண்டு முகங்களை எட்டாது. அங்கே போகத்தான் நூல் தேவைப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி மெழுகு பூசிய பட்டு நூலைப் பரிந்துரைத்தார். 1940-களில் பட்டுக்குப் பதிலாக நைலான் வந்தது. இன்று ஃப்ளாஸ் என்ற பெயரில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பற்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு நூலே பொருந்தும். ஈறு இறங்கி வெளி விழுந்தவர்களுக்கு, மெல்லிய கம்பியைச் சுற்றி முடிகள் வைத்த இடுக்கு பிரஷ் அதைவிடப் பொருந்தும். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பல் துலக்குவதோடு இவற்றையும் பயன்படுத்துவது ஈறு அழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும், நூலைவிட இடுக்கு பிரஷ் கூடுதல் பயன் தரக்கூடும் என்றும் சொன்னது. சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அதுவே சொன்னது. இருக்கும் சான்று அவ்வளவுதான். ஆயினும் உணவு சிக்கும் இடுக்கு உள்ளவருக்கு ஆய்வுக்காகக் காத்திருக்க அவசியமில்லை. எடுக்க வேண்டிய பொருள் கண்ணெதிரே இருக்கிறது.

நூல் இன்னொரு வேலையும் செய்யும், அதைப் பலர் அறிவதில்லை. நல்ல தொடுபுள்ளியின் வழியாக நூலை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இறக்கும்போது, சிறு தடை தெரிந்து பிறகு 'டக்'கென்று உள்ளே போகும். தடையே இல்லாமல் நழுவி இறங்கினால் அந்த இடத்தில் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நூல் பிரிந்து பிசிறுபிசிறாக வந்தால் உள்ளே சொத்தையின் விளிம்போ உடைந்த அடைப்போ கரடுமுரடாக இருக்கக்கூடும். வீட்டிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனையின் முடிவோடு, எந்தப் பக்கம், எந்தப் பல்லுக்கும் எந்தப் பல்லுக்கும் நடுவே, எத்தனை மாதமாக என்று சொல்லத் தெரிந்தவருக்கு மருத்துவரிடம் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதியைப் பற்களைக் கடித்த நிலையில் எடுக்கும் சிறு எக்ஸ்ரே காட்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சொத்தை என்றால் அடைத்து, தட்டையான அடைப்பு என்றால் எடுத்து மறுபடி புடைப்போடு அமைத்து, இடித்துக்கொண்டிருக்கும் கூர்முனை என்றால் லேசாகத் தேய்த்து உருண்டையாக்கி, சாய்ந்த ஞானப்பல் என்றால் எடுத்து இதைத் தீர்த்துவிடலாம். பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருகையில் முடிகிற வேலைகள்.

தீராத இடுக்குகளும் உண்டு. எலும்பு கரைந்து ஈறு இறங்கிய பெரியவர்களுக்கு ஈறின் நுனியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கடினம். செயற்கை வேர் பதித்துப் பல் வைத்துக்கொண்டவர்களுக்கு, அந்தப் பல் எலும்போடு ஒட்டி அசையாமல் நிற்க, பக்கத்து இயற்கைப் பல் ஆண்டுகள் போகப் போக நகர்ந்து இடைவெளி விடுவதும் உண்டு. பல்செட் அணிந்தவர்களின் தொல்லை வேறு: ஆயக்குடிக் கொய்யாவின் விதை ஒன்று தட்டுக்கு அடியில் புகுந்தால் அந்த வேளைச் சாப்பாடே போயிற்று. தட்டு தளர்ந்துவிட்டது என்பதே அதற்குக் காரணம். உட்புறத்தை ஈறுக்கு ஏற்பத் திரும்ப அமைத்துத் தருவார்கள். ரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகளால் வாய் உலர்ந்திருப்பவர்கள், சாப்பாட்டின் நடுவே அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்வது நல்லது. வெற்றிலை போடும் பழக்கமுள்ளவர்களைப் பொறுத்தவரை, சோழவந்தான் வெற்றிலை மேல் குற்றமில்லை, பாக்குத்தான் கேடு. இடுக்கில் அடையும் பாக்குத் தூள் ஒரு பக்கம் இருக்க, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. பல்லிடுக்குக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவே அதை விட்டுவிட வேண்டும்.

தீராத இடுக்குக்கு இடுக்கு பிரஷ்தான் அன்றாடத் துணை. அளவுகள் பல உண்டு. முடிகள் இரு பக்கமும் பல்லை உரசும்படியும், கம்பி பல்லில் இடிக்காதபடியும் இருக்கும் அளவைப் பல் மருத்துவரிடமே கேட்டு வாங்கினால், பெரியதைத் திணித்து ஈறைக் கிழித்துக்கொள்ள நேராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன், பல் துலக்குவதற்கு முதலாக அதை இடுக்கில் விட்டு இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். தொடங்கிய சில நாட்கள் ரத்தம் வரும், அதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வீங்கிய ஈறுதான் அப்படிக் கசிகிறது. 1965-இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்டு லோ டென்மார்க்கில் செய்த சோதனையில், பல் துலக்குவதை நிறுத்திய ஆரோக்கியமானவர்களுக்கு 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது அடங்கியது. ஆகவே பதினைந்து நாள் விடாமல் சுத்தம் செய்தும் அதே இடுக்கில் ரத்தம் நிற்கவில்லை என்றால், பிரஷ் எட்டாத ஆழத்தில் காரையோ சொத்தையோ இருக்க வாய்ப்புண்டு. அதை மருத்துவர்தான் பார்த்து எடுக்க வேண்டும்.